தாலி பாரு

கருப்பாயி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மீன்காரன் தராசைத் தூக்கினால் மீனைப் பார்க்கமாட்டாள், அவன் விரலைத்தான் பார்ப்பாள். கட்டின புருசன் தங்கையாவையும் அப்படித்தான் பார்த்தாள். அவள் மலாய்ச் சீமைக்குக் கப்பலேறி வந்து ஒரு வருசம் ஆவதற்குள் எஸ்டேட்டில் அவனுக்கு ஒரு சைக்கிள் கொடுத்துத் தொலைத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மஸ்ஜித் தானா பக்கமிருந்து தங்கா பத்து ஊர் வரைக்கும் பழைய கால்வாய் ஒன்று ஓடியது. ஒல்லாந்துக்காரன் சரக்கு ஏற்ற வெட்டினான் என்று ஒரு பேச்சு. எஸ்டேட்டு ரப்பர் ஷீட்டெல்லாம் அதில் தொங்காங் படகில் போகும். கரையோரமாகவே சைக்கிள் மிதித்துக் காவல் போவதும் படகுக்கு வேண்டியதைக் கவனிப்பதும் தங்கையா வேலை. காவலுக்குப் போறவனுக்குத் தலையில எதுக்கு அவ்வளவு எண்ணெய்? எதுக்கு வெள்ளைச் சட்டை? அடேயப்பா, மாப்பிள்ளை கோலமில்ல!

ஒருநாள் மலாய்ப் படகுக்காரர் பாக் சமாட் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கையா வீட்டில் இல்லை.

"பிலாங் சமா தங்கையா, தாலி பாரு சுடா சம்பாய்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கருப்பாயிக்குத் தெரிந்த மலாய் கைவிரலுக்குள் அடங்கும். 'பாரு' என்றால் புதுசு, துணிக்கடையில் கற்றுக்கொண்டது. 'பிலாங்' என்றால் சொல்லு, 'சுடா சம்பாய்' என்றால் வந்து சேர்ந்தாச்சு. தாலிக்குமா ஒருத்தரிடம் போய் அர்த்தம் கேட்கணும்?

புதுத் தாலி வந்திருக்கு. எவளுக்கு? சேதியை அவனிடம் சொல்லவே இல்லை.

விடிந்ததும், "நானும் வாரேன்," என்றாள்.

"அங்க நீ எதுக்கு புள்ள? வெயிலு கொளுத்தும்," என்று இழுத்தான். இழுத்தானே, அது போதாதா!

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வேர் முண்டுகளில் சைக்கிள் தூக்கித் தூக்கிப் போட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கையாட்டினாள். இவன் மணியடித்தான். அடி, அடி, நல்லா அடி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

படித்துறையில் பாக் சமாட் இவர்களைக் கண்டதும், "தங்கையா! தாலி பாரு!" என்று கூவினார்.

சைக்கிள் நிற்கும் முன்னே கருப்பாயி குதித்தாள். கழுத்திலிருந்த தாலிக்கயிற்றைத் தலைவழியே உருவித் தண்ணீரில் வீசினாள்.

"புதுசு வந்துருச்சில்ல, பழசு எதுக்கு? யாருய்யா அவ? வரச்சொல்லு!"

பாக் சமாட் வெலவெலத்துப் போய்க் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். படகு இழுக்கிற வடக்கயிறு. புத்தம் புதுசு.

"தாலி," என்றார் பாவம், மறுபடியும்.

"கயித்துக்கு மலாய்ல தாலின்னுதான்டி பேரு," என்றான் தங்கையா.

சிரிக்கவில்லை அவன். சட்டையோடு கால்வாயில் குதித்தான். முங்கி முங்கித் தேடினான். கையில் சேறுதான் வந்தது. ஏறி வந்து அவள் முகத்தைப் பார்க்கவே அவனால் முடியவில்லை.

"உசுரோட நிக்கிறேன்டி. என் முன்னாலயே வெறுங்கழுத்தா நிக்கிறியே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"பாவி நான், பாவி," என்று கருப்பாயி கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அவன் புதுக்கயிற்றின் நுனியை வெட்டி, ஒரு புரியைப் பிரித்து, மெல்லிய திரியாக முறுக்கினான். படித்துறைக் கடையில் மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்று வாங்கி அதில் கோத்தான்.

"யாரு அவள்னு கேட்டியே. தலையைக் குனி."

சேற்றுக் கையாலேயே கட்டினான். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

"இறுக்கிப் போடுய்யா," என்றாள், "அவுந்துறப் போவுது."