பவுனம்மாளுக்குச் சொல்லாதீங்க

ஜீயபுரம் பவுனம்மாளுக்கு ரத்தக்கொதிப்பு என்று திருச்சி டாக்டர் சொன்னது அறுபத்திரண்டாம் வருஷத்தில். உப்பைக் குறைக்கச் சொன்னார். தலை சுற்றாத நாளிலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். போகிற போக்கில், மனசை அலட்டிக்க விடாதீங்க என்றும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறுவதற்குள் மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. கடைசி வார்த்தையை மட்டும் அவள் புருஷன் ரங்கசாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தலை சுற்றினால் பித்தம் என்பது அந்த வீட்டு வைத்தியம். பித்தத்துக்கு உப்பில் ஊறிய நார்த்தங்காய். வேளை தவறாமல் அவள் தட்டில் அது விழுந்தது. மாத்திரையோ மயக்கம் வந்தால் மட்டும். கொதிப்பு என்றால், அதிர்ச்சி பட்டதும் உலை மாதிரி ரத்தம் பொங்கிவிடும் என்று ரங்கசாமி மனசார நம்பினார். நல்ல மனுஷர்தான், அதுதான் கொடுமை. அவள் அடுப்படிக்கு வந்தால் பேச்சு நின்றது. வாசலில் தலை காட்டினால், "வெயிலு, உள்ள போ" என்றார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது.

மகள் அமிர்தம் திருவெள்ளறையில் தலைப்பிள்ளை சுமந்துகொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மகள் வலியில் கத்தினால் இவளுக்கு என்ன ஆகும்? ரங்கசாமியே சம்பந்தி வீட்டுக்குப் போய், பிரசவத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பவுனம்மாளிடம், "சம்பந்தியம்மா அனுப்பமாட்டேங்குது" என்றார். பாவம், அந்தச் சம்பந்தியம்மாளை இவள் தினமும் வைதாள்.

வாழைத்தோட்டத்துக்குப் புதிதாகக் கூலிக்கு வந்த மாரியாயிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியாது. "ஒங்க மவளுக்குப் பொறந்த புள்ள தங்காம போச்சாமே, போயிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

பவுனம்மாளுக்கு எதுவும் பொங்கவில்லை. கை கால்தான் சில்லிட்டது. கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள். மாத்திரைப் புட்டியோடு ரங்கசாமி பின்னாலேயே ஓடிவந்து ஏறினார்.

"நான்தான் அங்கயே வெச்சுக்கச் சொன்னேன். நீ தாங்கமாட்டேன்னுதான்..."

"எம்மவ ஒண்டியா தாங்கியிருக்காளேங்க!"

சம்பந்தி வீட்டில் அமிர்தம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. அம்மாவைக் கண்டதும் உதடு துடித்தது. பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். உடனே சிரித்தாள்.

"நல்லா இருக்கேம்மா. நீ கவலப்படாத, ஒன் ஒடம்புக்கு ஆவாது."

மகள் தன் மடியில் விழுந்து கதறுவாள் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள் பவுனம்மாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தனக்காகச் சிரிக்கிறாளே! 'அழுடி' என்று சொல்ல வாயெடுத்தாள். ரங்கசாமி புட்டியைத் திறந்துகொண்டிருந்தார். யார் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் இவளை அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிப்போய்விடுவார்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேம்மா" என்றாள் அமிர்தம், இன்னும் சிரித்தபடி.