தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

ஓரிக்கை டீக்கடையில் நின்றிருந்தேன். பாலாற்றோரமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நான்கைந்து பேர், தலையில் ஹெல்மெட்டோடு இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டிக் டிக்கென்று சக்கரம் அடித்தது. கையிலிருந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

சின்ன வயதில் ஒருமுறை திருமுக்கூடலில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே தங்கைக்குக் காய்ச்சல் ஏறி, விடிகிற நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்தார். அம்மா தங்கையை மடியில் போட்டுக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள். ஆற்றங்கரைப் பாதையில் அப்பா மிதித்த வேகத்தில் அவர் மூச்சு என் பிடரியில் சுட்டது. கோயில், தோப்பு, ஊர் எதிலும் நிற்கவில்லை.

டாக்டர் வீடு காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் அப்பா இறங்கிவிட்டார். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரப் பாவின் ஓரமாக எங்கள் தெருவில் யாரும் சைக்கிள் ஓட்டமாட்டார்கள்.

“இன்னாங்க எறங்கிட்டீங்க? மிதிங்க!” என்று அம்மா கத்தினாள்.

“பாவு போட்டுக்கினு இருக்காங்கமா. புழுதி ஒட்டிக்கும்.”

தெரு நெடுக டிக் டிக். பாதியில் அம்மா குதித்துத் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் தங்கையின் இமையை விலக்கிப் பார்த்தார். “இப்பதாம்மா உயிரு போயிருக்கு” என்றார்.

பாவுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஏறிப் போயிருக்கக் கூடாதாப்பா? பாவு போனா போவுது!”

டீ குடித்தவர்கள் சைக்கிளில் ஏறினார்கள். மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டது.

அன்று அந்தப் பாவில் ஒரு தூசுகூட ஒட்டவில்லை.