கரீமாக்கா சுமந்த பைப் ரிஞ்சு

கரீமாக்காவுக்கு நான் பன்னிரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1959ஆம் வருஷம். இன்றைக்கு மூன்று கடை, ஒரு மாடிவீடு என்று நிற்கிற இந்தக் கலியமூர்த்திக்கு அன்று குழாய் ரிப்பேர்தான் பிழைப்பு; சொத்தென்று இருந்தது குழாய் முடுக்குகிற ஒரு பைப் ரிஞ்சுதான். அதையும் அவரிடம் அடகு வைத்திருந்தேன்.

முல்லா வீதிப் பக்கம் பழைய பித்தளை, இரும்பு வாங்கி விற்றவர் கரீமாக்கா. புருஷன் போன மறுமாதமே தராசைக் கையில் எடுத்தவர். கடையைப் பிடுங்க வந்த கொழுந்தனை, "உன்னையும் ஏத்தி நிறுக்கட்டுமா? பழைய இரும்பு விலைதான் போடுவேன்" என்று கேட்டு அனுப்பினார்.

வட்டி வாங்க மாட்டார், மார்க்கத்தில் ஆகாது. அடகுச் சாமானை நம்பிக் கொடுக்கவும் மாட்டார். எனக்கு வேலை வந்தால் ரிஞ்சைத் தாமே தூக்கிக்கொண்டு கூட வருவார். முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, திரும்ப எடுத்துப் போவார். டீயும் பன்னும் என் கணக்கு. கலியமூர்த்தி ஆள் வைத்து வேலை செய்கிறான் என்று ஊர் நினைத்தது. நானும் மறுக்கவில்லை.

ஒருநாள் சொன்னார்: "தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வரலைன்னா ரிஞ்சை எடைக்குப் போட்டுடுவேன்."

வியாழக்கிழமை சொல்தா ஜானகிராமன் ஆள் அனுப்பினார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு, பென்ஷனோடும் ஒரு ஷவர் மிக்ஸரோடும் ஊர் திரும்பியவர். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து கொட்டுகிற பித்தளைச் சாமான் அது. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் குளியலறையில் இன்னும் இறங்கவில்லை.

மிக்ஸர் மூடினாலும் சொட்டியது. அதைவிடக் கூத்து, அடுப்பங்கரைக் குழாயில் வெந்நீர் வந்தது. "அரிசி களைஞ்சா பாதி வெந்துடுது!" என்றார் அவர் மனைவி அமிர்தவல்லி அம்மா. மூன்று பேர் வந்து பார்த்துத் தோற்றிருந்தார்கள். "இந்தியத் தண்ணி அதுக்கு ஒத்துக்கலை" என்பது, பிரெஞ்சு மரியாதைப்படி நாங்கள் 'முசியே' என்று கூப்பிட்ட ஜானகிராமனின் தீர்ப்பு.

ரிஞ்சோடு கூட வந்த கரீமாக்கா பக்கத்தில் உட்கார, பன்னிரண்டு ரூபாய் கூலி பேசிக்கொண்டு பிரித்தேன். உள்ளே தோல் வாஷர் நைந்து நாராகிக் கிடந்தது. புதுத்தோல் வெட்டிப் போட்டேன், சொட்டு நின்றது. வெந்நீர் சங்கதியை மூணாங்கிளாஸ் தாண்டாத நான் அரை நாழிகையில் கண்டுபிடித்தேன். சோப்புப் போடும்போது கலவை மாறக்கூடாதென்று முசியே ஷவர் கழுத்தில் ஒரு குட்டிக் குழாய் மாட்டியிருந்தார். அதை மட்டும் மூடிவிட்டு, கீழே இரண்டு கைப்பிடியையும் திறந்தபடி விட்டுவிடுவார். மாடியில் வெந்நீர்த் தொட்டி பச்சைத் தண்ணித் தொட்டியைவிட ஒரு முழம் உயரம். வெளியே வழியில்லாத வெந்நீர் பச்சைத் தண்ணிக் குழாயில் புகுந்து அடுப்பங்கரைக்கு இறங்கிவிடும்.

குட்டிக் குழாயைக் கழற்றினேன். "இனிமே கைப்பிடி ரெண்டையும் மூடுங்க முசியே."

"சைகோன்ல ஒரு கர்னலே இப்படித்தான்யா குளிச்சார்!"

"அவரு சம்சாரத்தைக் கேட்டீங்களா?" என்றார் கரீமாக்கா.

முசியே முறைத்துவிட்டு, "மெர்சி" என்று எனக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லி, "பென்ஷன் வந்ததும் வந்து வாங்கிக்க" என்று துண்டோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். மறுநாள் வெள்ளி.

உள்ளே தண்ணீர் சத்தம், பிரெஞ்சுப் பாட்டு. பிறகு சோப்பு வாசனை. கரீமாக்கா எழுந்து தோட்டப்பக்கம் போனார். ஷவருக்குத் தண்ணீர் போகிற குழாய்களில் அங்கே இருந்த இரண்டு வால்வும் கைப்பிடி உடைந்தவை. ரிஞ்சைப் போட்டு இரண்டையும் இறுக்கி மூடினார். பாட்டு நின்றது.

"அமிர்தம்! தண்ணி! கண்ணு எரியுதுடி!"

"தண்ணிக்கும் பென்ஷன் வரணும் முசியே!" என்று கரீமாக்கா ஜன்னலில் குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து பிரெஞ்சில் ஏதோ வந்தது. அர்த்தம் தெரியாவிட்டாலும் வசவென்று தெரிந்தது. பிறகு தமிழில், "குடுத்துத் தொலைடி!"

அமிர்தவல்லி அம்மா முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டு, பணத்தோடு வந்தார். நான் கையை நீட்டினேன். அந்தக் கையில் கரீமாக்கா ரிஞ்சை வைத்துவிட்டு, "இதை நீ வச்சிக்க தம்பி" என்று தன் கையை விரித்தார். அம்மா ஒவ்வொரு ரூபாயாக, பன்னிரண்டையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.