டன் அண்ணனின் ஒரே ஒரு தம்

லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்த அவரை டிரைவர்கள் ‘டன் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனால் தம்முடைய கண்ணாடி அறைக்குள் நுழையவே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பவேண்டிய மனிதர் எந்த முகத்தோடு கோபித்துக்கொள்வது? சர்க்கரை, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று ஒவ்வொன்றாக வந்து உடம்பில் குடியேறியபின், வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்தார். அதற்கு முன்பே சிகரெட்டை அடியோடு விட்டுவிட வேண்டும் என்றார். புகைத்தால் காயம் ஆறாது, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், மயக்கத்தில் கிடக்கும்போது நுரையீரல் காலை வாரிவிடும்.

டன் அண்ணன் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டார். அவருடைய எடைமேடை பத்து கிலோவுக்குக் குறைந்த எதையும் கண்டுகொள்ளாது. டிரைவர் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் எண் அசையாது. அதையே பார்த்துப் பார்த்துப் பழகியவருக்கு, ஒரு தம் எந்தக் கணக்கிலும் ஏறாது என்று தோன்றிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை; நிகோடின் இருப்பதைச் சொல்லிவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போனது.

மனைவியிடம் வாய் கூசாமல் டிரைவர்கள்மேல் பழியைப் போட்டார். அறைக்குள் வந்து நின்று அவர்கள் விடும் புகைதான் தம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். அந்த அம்மாள் தையல்காரி. மறுநாளே, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் எடைமேடைக்கு வந்து டிரைவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மலை மலையாக நின்ற ஆட்கள் டன் அண்ணனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். அவர் கம்ப்யூட்டருக்குள் தலையைவிட்டுக்கொண்டார். ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றுமுதல் வெளிவாசலைத் தாண்டி வெயிலில் நின்று புகைத்தார்கள்.

அதற்குப்பின் அவரும் பயந்துபோய் நிஜமாகவே விட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆயுசுக்கும் சிகரெட் கூடாது, பிடித்தால் வயிற்றில் தைத்த இடத்தில் புண் வரும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். எடை மளமளவென்று இறங்கியது. மனைவி சட்டைகளைப் பிடித்துத் தைத்து, பிரித்து, மறுபடி பிடித்துத் தைத்தாள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அவருக்கோ சாப்பாடு ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிட்டது, கைக்கும் வாய்க்கும் வேலையில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைத்தார். வெளித்தையல்தான் ஆறிவிட்டதே என்று சமாதானம் வேறு.

சில மாதங்களில் மேல்வயிறு எரிய ஆரம்பித்தது. பிறகு மலம் கறுத்தது. ஒருநாள் மேடையில் லாரி நிற்கும்போதே நாற்காலியிலிருந்து சரிந்தார். அந்த லாரியின் டிரைவர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

குழாய் விட்டுப் பார்த்ததில் தைத்த இடத்தில் புண், ரத்தக்கசிவு. வலி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை. சிகரெட்? மனைவி முந்திக்கொண்டாள்.

“தொடறதே இல்ல டாக்டர். டிரைவருங்ககூட இவர் இருக்கற பக்கம் பிடிக்கறதில்ல.”

காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் வயிற்றைத் திறந்து அந்த இணைப்பையே மாற்றவேண்டி வரலாம் என்றார் டாக்டர். அவள் எழுந்து நின்றாள். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டாள்.

“நான் பிடிக்கறேன் டாக்டர்” என்றார் டன் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. “அப்ப டெஸ்ட்டுல ரத்தத்துல வந்ததும் நான் பிடிச்சதுதான். டிரைவருங்க மேல தப்பில்ல.”

டாக்டர் கோபப்படவில்லை. விட்டால் மருந்திலேயே ஆறும், விடாவிட்டால் புண் ஓட்டையாகி ஆளையே முடித்துவிடும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை மனைவி நேரம் தவறாமல் கஞ்சி கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் ஆட்டோவை எடைமேடை வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அவளைக் கண்டதும் வெயிலில் நின்ற டிரைவர்கள் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். “விடுங்கக்கா, அண்ணன் நல்லாருந்தா போதும்” என்றார் ஒருவர்.

திரும்பி வந்து ஆட்டோவில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க செத்துப் போயிருந்தா, நான் காலம் பூரா அவங்களைத்தான் சபிச்சுட்டு இருந்திருப்பேன்” என்றாள்.

டன் அண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.