அண்ணன் தலைமாட்டுக்கு ஒரு கல்

அண்ணன் பல்லாவரம் மலையில் கல் உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் வேட்டு வைத்த பிறகு, மேலே ஒட்டிக்கொண்டிருந்த பாறை சரிந்து அவன்மேல் விழுந்தது. அவனைப் புதைத்த பிறகு குவாரி முதலாளி தலைமாட்டில் வைக்க ஒரு பலகைக் கல் அனுப்பினார். அம்மா அதை மாட்டு வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை.

“புள்ளைய அடிச்ச கல்ல அவன் மேலயே வைக்கச் சொல்றீங்களா? வேற எங்கேர்ந்தாவது வரட்டும்.”

ஐந்தாவதோடு படிப்பை விட்டு வீட்டில் இருந்தவள் நான். அதனால் கல் தேடுகிற வேலை என்னிடம் வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் அம்மி கொத்துகிறவரிடம் போனேன். அவர் திரிசூலம் கல், தாம்பரம் கல், வண்டலூர் கல் என்று மூன்று துண்டுகளை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். மூன்றும் பல்லாவரம் கல்லைப் போலவே ஒரே நீலக் கறுப்பு.

“பேருதாம்மா வேற வேற. பூமிக்குள்ள கொழம்பா கெடந்து இறுகினதாம். மேல தனித்தனி மலை, அடில எல்லாம் ஒண்ணாதான் கீதாம். சுத்தியல எடுத்துகினு கல்லப் பத்திப் படிக்க வர்ற காலேஜ் பசங்க சொன்னாங்க.”

“வேற கல்லே கெடையாதாண்ணா?”

“செவப்புக் கல்லுக்கு கிருஷ்ணகிரி பக்கம் போவணும். லாரி வைக்கணும். உன்னால ஆவுமா?”

நான் மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“வண்டலூர்க் கல்லுன்னு சொல்லி வச்சிடு. அம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேண்ணா.”

அப்புறம் ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். சிமென்ட்டில் சிலுவை வார்த்துத் தருகிறேன் என்றார்.

“உள்ள இன்னா போடுவ?” என்றாள் அம்மா.

“மணல், ஜல்லி.”

“ஜல்லி எங்கேர்ந்து?”

மேஸ்திரி பல்லாவரம் மலைப் பக்கம் கை காட்டினார். நான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

கடைசியில் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆனால் கல்லறைத் திருநாள் சரியாக ஐப்பசி மழையில் வருகிறது. எல்லோரும் தங்கள் கல்லைக் கழுவிப் பூ வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கரைந்த மூலைகளைப் பூசி, வெள்ளை அடித்துக்கொண்டிருப்போம். அடித்ததும் மழையில் கரைந்து ஓடிவிடும். வருடா வருடம் இதே வேலை. எனக்குக் கை வலிக்கிறது. கல்லே வைத்திருக்கலாம் என்று நாக்கு நுனி வரை வரும். அம்மா முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

இந்த வருடமும் பூசி முடிக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அம்மா குடையை விரித்தாள். என் பக்கம் வரவில்லை. ஈரச் சுண்ணாம்புக்கு மேலே பிடித்தாள்.

“காயற வரைக்கும் நிப்போம்” என்றாள்.

அந்த மழையில் அது எங்கே காயும்? அவள் கை மாற்றியபோது குடையை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.