உச்சந்தலையில் விழுந்த பல்லி

சென்ற வைகாசியில், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. என் மகளைப் பெண் பார்க்கக் காடாம்புலியூரிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கும் மகளுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பலாப்பழ வியாபாரம் செய்கிற அவன் அம்மா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

எனக்கு ஒரே கவலை, மகளின் படிப்பு. சென்னையில் அவள் ஆராய்ச்சி செய்வது பல்லியின் காலைப் பற்றி! பல்லியின் பாதத்தில் இருப்பது போலவே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உருவாக்கி, பசையே இல்லாமல் ஒட்டுகிற பட்டை செய்கிறாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டுகிற எனக்கே அது பிடிபடவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன புரியும்? "கெமிஸ்ட்ரின்னு மட்டும் சொல்லும்மா, பல்லிப் பேச்சே வேண்டாம்" என்று மகளைக் கெஞ்சி வைத்திருந்தேன்.

காபி கொடுத்தோம். அந்த அம்மா டம்ளரை எடுத்த நேரம், மேலேயிருந்து ஒரு பல்லி அவர் உச்சந்தலையில் பொத்தென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் தரையில் குதித்து ஓடி, ஷோகேஸ் கண்ணாடியில் ஏறி, ஒன்றுமே நடக்காதது போல நின்றுகொண்டது.

தலையில் பல்லி விழுந்தால் ஆகாது என்பார்கள். அதுவும் பெண் பார்க்க வந்த இடத்தில்! பையனின் மாமா கிளம்பிவிடலாமென்று எழுந்துபோய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். என் மனைவி அழுதேவிட்டாள்.

மகள் மட்டும் சுவரைத் தடவி உள்ளங்கையைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று மாவு. இவர்கள் வருகிறார்களே என்று நான்தான் அவசர அவசரமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தேன்.

"பல்லி கால்ல இந்த மாவு ஒட்டிக்கிட்டா பிடிமானம் போயிடுங்கம்மா. கொஞ்சம் நடந்தா தானா உதிர்ந்துடும். இப்ப கண்ணாடியில எப்படி நிக்குது பாருங்க!"

சொன்னதோடு விட்டாளா? கொக்கி வைத்த தன் பட்டையைக் கொண்டுவந்து கண்ணாடியில் அழுத்தி, தண்ணீர் நிறைந்த தூக்குவாளியை அதில் மாட்டினாள். அசையவில்லை. அதே பட்டையைச் சுவரில் தேய்த்துவிட்டு மறுபடி கண்ணாடியில் அழுத்தினாள். ஒட்டவில்லை. சொரசொரச் சுண்ணாம்புச் சுவரில் வழுக்குமாம், வழவழக் கண்ணாடியில் நிற்குமாம்! எனக்குத் தலை சுற்றியது.

அந்த அம்மா பட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். "கோந்து ஒண்ணும் இல்லியே! அப்ப சகுனம் இல்ல, சுண்ணாம்புதாங்கிறியா?"

"ஆமாங்கம்மா."

"சரி. பாத்ரூம் எங்க? தலைக்கு ஊத்திக்கினு வந்துடறேன்."

என் மனைவியின் புடவையைக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார். சம்மதமா, இல்லையா? ஒருவருக்கும் கேட்கத் தைரியமில்லை. மாமா ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றார்.

"ஏன் நின்னுக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க. பொண்ணு சொல்றது நெசந்தான். நான் தலைக்கு ஊத்துனதும் சரிதான். நாள் பாருங்க."

கல்யாணம் முடிந்தது. பலாப்பழம் வாங்க வருகிறவர்களிடம்கூட, "எம் மருமவ பல்லி ஆராய்ச்சி பண்ணுது" என்று பெருமையடிக்கிறாராம். அன்று அவர் நம்பியது மகளையா, குளியலையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால், அவருக்குப் புரியாது என்று நானாகவே முடிவு கட்டி அடைக்கப் பார்த்த மகளின் வாய்தான் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தது என்பது, நினைக்கும்போதெல்லாம் உறைக்கிறது.