காக்கை முகமூடிக்கு ஒரு ஜோக்கு

ஹாலோவீன் அலங்காரம் வாங்க மார்வாக்காவோடு கடைக்குப் போனால் அரை நாள் போய்விடும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர், அறுபதைத் தாண்டியவர். தெர்மோகோல் கல்லறை, பேட்டரி போட்டுச் சிரிக்கும் மண்டையோடு எதையும் விடமாட்டார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முகம் சுளித்து வைத்துவிடுவார். கடைசியில் வாங்குவது காகிதப் பூசணித் தோரணம் ஒன்றுதான்.

காசெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஹாலோவீனுக்குப் போட்ட வேஷ உடைகளைச் சேர்க்கிறார். அட்டைப்பெட்டியில் வந்த மெல்லிய துணி, ரப்பர் கயிறு கட்டிய பிளாஸ்டிக் முகமூடி. மற்றவர்கள் பிரிக்காத பெட்டிக்கு அடித்துக்கொள்வார்கள். இவருக்கோ கிழிந்தது, சாக்லேட் கறை பட்டது, அம்மா கையால் தைத்ததுதான் வேண்டும். எனக்குப் பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எதத்தான் தேடறீங்கக்கா?"

"காக்கா மூஞ்சி," என்றார். "துணி இருக்கு, மூஞ்சி இல்ல. ஆறு வயசுல நான் போட்டது. ஒரு வீட்டு வாசல்ல கழட்டி வெச்சிட்டு ஆப்பிள் தின்னேன். திரும்பிப் பாத்தா காணோம்."

எங்கள் டி மாயின் ஊரில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய்க்கு வருவது ஹாலோவீனுக்கு முந்தின இரவு. சும்மா கை நீட்டினால் கிடைக்காது, ஒரு ஜோக்கு சொல்ல வேண்டும். எவ்வளவு மட்டமான ஜோக்கானாலும் சரி, சொன்னவனுக்கு மிட்டாய் உண்டு.

ஒவ்வொரு ஏலத்திலும் மார்வாக்கா வெண்டலிடம் ஒரே கேள்விதான் கேட்பார். ஏலம் கூப்பிடும் வெண்டல் அதே தெருவில் அவரோடு வளர்ந்தவர். வாயைத் திறந்தால் மாவட்டத்திலேயே அவர் வேகத்துக்கு ஆள் கிடையாது.

"காக்கா வந்துச்சா?"

"உனக்குக் காக்கா பிடிக்கறதா என் வேல? போடீ."

இந்த அக்டோபரில் வெண்டல் தன் கடைசி ஏலத்தை நடத்தினார். மகள் வீட்டோடு போகப்போகிறார், விற்றதெல்லாம் சொந்தச் சாமான். எல்லாம் முடிந்ததும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து மேலே வைத்தார். கறுப்பு முகம், நீண்ட அலகு. மார்வாக்காவின் எண் அட்டை மட்டும்தான் உயர்ந்தது.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

அக்கா அதற்குள் மேஜைக்கே போய்விட்டார். அலகு நுனியில் சிவப்பு நகப்பூச்சு. உடைந்த இடத்தை அவர் அம்மா அப்படித்தான் ஒட்டியிருந்தாராம்.

"இது என்னுது!"

"தெரியும்."

"முப்பது வருஷமா கேக்கறேன், பாவி! மேஜைக்கு அடியிலயே வெச்சிருந்தியா?"

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அப்ப திக்குவாய், மார்வா. எந்த வாசல்லயும் ஜோக்கு சொல்ல முடியல. அன்னிக்கு இத மாட்டிக்கிட்டு நின்னேன், கடகடன்னு வந்துடுச்சு. அப்புறம் இது பக்கத்துல இல்லாம நான் ஏலமே கூப்பிட்டதில்ல. இனிமே கூப்பிட வேண்டியதில்லயே. எடுத்துக்கோ."

அக்கா முகமூடியைத் தொடவில்லை. கோபத்தில் அவர் கன்னம் துடித்ததை நான் பார்த்தேன்.

"எங்கிட்டருந்து எடுத்தப்ப ஜோக்கு சொன்னியா? இல்லல்ல? இப்ப சொல்லு. மூஞ்சி மாட்டாம சொல்லு."

வெண்டல் முகமூடியைத் தள்ளி வைத்தார். வாயைத் திறந்தார். "எ... எ... எலு..." அத்தனை வேகமாய்ப் பேசிய மனிதர் ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு வியர்த்தார். ஏலக் கொட்டகையில் ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அக்கா மட்டும் வாசலில் மிட்டாய்க் கூடையோடு நிற்பவர் போலப் பொறுமையாய் நின்றார்.

"எலும்புக்கூட்டுக்கு ஏ... ஏன் பசிக்கவே மாட்டேங்குது?"

"தெரியலயே, ஏன்?"

"வ... வயிறே இல்லயே!"

எங்கள் தெருவில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஜோக்கு. மார்வாக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகமூடியை எடுத்து, ரப்பர் கயிற்றைச் சரிசெய்து, வெண்டலின் கையில் வைத்தார்.

"ஜோக்கு சொன்னவனுக்குத்தான் சாமான்," என்று சொல்லி, மேஜையில் இருந்த சுத்தியலை அவரே எடுத்துத் தட்டினார். "மூணு தரம்."